பிராக்கில் அந்தக் கடிகாரத்தின் முன்னால் எப்போது நிற்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது. தீபாவளி முடிந்த கையோடு, நவம்பர் முதல் வாரத்தில், 68 வயது அப்பாவையும் 63 வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு வியன்னாவிலிருந்து பிராக் போய் 3 நாள் தங்குகிறீர்கள். அங்குள்ள வானியல் கடிகாரம் "ஐரோப்பாவிலேயே பெரிய ஏமாற்றம்" என்று பார்க்கிற இடத்திலெல்லாம் எழுதியிருக்கிறதே, அது நிஜமா? அது போனால் வேறு என்ன பார்க்கலாம்? பேசாமல் பிராக்கை விட்டுவிட்டு வியன்னாவிலேயே இருந்துவிடலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல்தான் கேட்கிறீர்கள். அடியில் வேறு ஒரு கவலை இருக்கிறது என்று நினைக்கிறேன். இவ்வளவு செலவு செய்து, இந்த வயதில் அழைத்துப் போகிறோம். அப்பா அம்மா ஓட்டலுக்குத் திரும்பி வந்து "எல்லாம் ஒரே மாதிரி சர்ச்சாத்தானே இருந்தது" என்று சொல்லிவிடக் கூடாதே என்பது. அந்தக் கவலைக்குத்தான் இந்தப் பதில்.

நான் பழைய கட்டடங்களின் கல்வேலையைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். படிக்கப் போய், பிறகு வேலைக்கென்று, பிராக்கில் 9 வருடம் இருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சனி, ஞாயிறுகளில் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில்தான் விழும். என் அப்பா அம்மாவும் ஒரு நவம்பரில் வந்தார்கள். அதனால் எந்தத் தெரு ஏற்றம், எங்கே உட்கார பெஞ்சு கிடைக்கும், எந்தப் படிக்கட்டில் கைப்பிடி கிடையாது என்பதெல்லாம் மனப்பாடம். பீர் கடைகளையும் இரவுக் கேளிக்கைகளையும் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை. ஓவியக் கூடங்களைப் பற்றியும் டிக்கெட் வாங்கிப் பார்த்தவனுக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். நான் ஊர் திரும்பி 4 வருடம் ஆகிவிட்டதால் கட்டணம் எதையும் எழுதவில்லை. அது வருடா வருடம் ஏறுகிற சமாச்சாரம், போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடிகாரம். ஏமாற்றம் என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு மணியும் அடிக்கும் நேரத்தில் அதன் கீழே நூற்றுக்கணக்கான பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி கழுத்து வலிக்க நிற்பார்கள். எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்கும். மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறந்து இயேசுவின் சீடர்கள் வரிசையாகத் தலைகாட்டிப் போவார்கள். கடைசியில் ஒரு சேவல் கூவும், அதுவும் தொண்டை கட்டிய குரலில். ஒரு நிமிடம்கூட ஆகாது. "இவ்வளவுதானா?" என்று பத்து மொழிகளில் கேட்கும். அந்த ஒரு நிமிடம்தான் ஜேப்படிக்காரர்களுக்கும் முகூர்த்த நேரம், ஏனென்றால் எல்லோர் கண்ணும் மேலே இருக்கிறது.

ஆனால் அந்தப் பொம்மைகளுக்காக அந்தக் கடிகாரத்தை யாரும் செய்யவில்லை. இன்று ஜன்னலில் வருகிற சீடர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செதுக்கப்பட்டவர்கள். 1945 மே மாதம் நகரம் கிளர்ந்தெழுந்தபோது ஜெர்மானியப் படையின் தாக்குதலில் நகர மன்றக் கட்டடம் தீப்பிடித்து, பழைய மரச் சிலைகள் எரிந்துபோயின. 1948-ல்தான் கடிகாரம் மறுபடி ஓடியது. பழையது, பார்க்க வேண்டியது, நடுவில் இருக்கிற வட்டம். 1410-ல் மிக்குலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தது. வானியல் கணக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் ஷிண்டலின் பங்கு இருந்தது என்று சொல்லப்படுகிறது. உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வானியல் கடிகாரங்களில் இதுவே மிகப் பழையது. ஹனுஷ் என்ற மேஸ்திரி இதைச் செய்தார், வேறு ஊருக்கு இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று நகரத்தார் அவர் கண்ணைப் பிடுங்கினார்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. 1410-ஆம் ஆண்டின் ஆவணம் மிக்குலாஷின் பெயரைச் சொல்கிறது. ஹனுஷ் அதற்கு எண்பது வருடம் கழித்துப் பழுதுபார்த்தவர், கண்ணைப் பிடுங்கியதற்கு எந்தச் சான்றும் இல்லை.

அந்த வட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு போங்கள், பத்து நிமிட வேலை. நடுவில் பூமி. நீல நிறப் பகுதி பகல், கருப்பு வட்டம் இரவு, இடையிலுள்ள செம்பழுப்பு விடியலும் அந்தியும். நீண்ட தங்கக் கை ரோமன் எண்களில் நாம் அறிந்த 24 மணி நேரத்தைக் காட்டும். அதே கையில் ஒரு தங்கச் சூரியன் கோத்திருக்கிறது. அது ராசிகள் எழுதிய ஒரு வளையத்தின் மேல் வருடம் முழுவதும் மெல்ல நகர்கிறது. இன்னொரு கம்பியில் பாதி கருப்பும் பாதி வெள்ளியுமான ஒரு குட்டி உருண்டை. அதுதான் நிலா, வளர்பிறை தேய்பிறைக்கேற்பத் தானே சுழலும். இவை மூன்றையும் ஓட்டுபவை உள்ளே ஒரே அச்சில் இருக்கிற மூன்று சக்கரங்கள்: ராசி வளையத்துக்கு 365 பல், சூரியனுக்கு 366 பல், நிலாவுக்கு 379 பல். சூரியனுக்கும் ராசிக்கும் ஒரே ஒரு பல்தான் வித்தியாசம். அந்த ஒரு பல்லால்தான் ஒரு வருடத்தில் சூரியன் பன்னிரண்டு ராசியையும் சுற்றி வந்துவிடுகிறது. வெளியே தங்க நிறப் பழைய ஜெர்மானிய எழுத்தில் 1 முதல் 24 வரை இன்னொரு வளையம் இருக்கும். அந்தக் காலத்து போஹீமியர்கள், அதாவது பிராக்கைச் சுற்றியுள்ள பகுதியின் மக்கள், நாளைச் சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள், அதற்கான வளையம் அது. அஸ்தமன நேரம் தினமும் மாறுவதால் அந்த வளையமும் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதை என் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தினமும் பஞ்சாங்கம் பார்க்கிறவர். பகலை எட்டாகப் பிரித்து ராகுகாலம் பார்ப்பது போல இங்கே பகலைப் பன்னிரண்டாகப் பிரித்து வளைகோடு போட்டிருக்கிறார்கள் என்றேன், தலையாட்டினார். பிறகு திடீரென்று, "கடிகாரம் தப்புடா" என்றார். தங்கச் சூரியன் விருச்சிகத்தில் நிற்கிறது, நடப்பது ஐப்பசி, சூரியன் துலாமில் அல்லவா இருக்க வேண்டும்? அவர் சொன்னது சரி, கடிகாரமும் சரி. மேற்கத்தியக் கணக்கு வசந்த காலச் சமநாளை மேஷத்தின் தொடக்கமாக வைக்கிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டுக்கும் இடையே இன்றைக்குச் சுமார் 24 பாகை, அதுதான் அயனாம்சம். அந்தக் குளிரில் 40 நிமிடம் அங்கேயே நின்றார். மணி அடித்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. உங்கள் பயணமும் ஐப்பசியில்தான் வருகிறது, அப்பாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே மணி அடிக்கும் நேரத்தில் போகாதீர்கள். நவம்பர் முதல் வாரத்தில் பிராக்கில் சூரியன் மாலை 4:30-ஐ ஒட்டி மறையும். 4:10 வாக்கில், மணி நான்கின் கூட்டம் கலைந்த பிறகு போய் நில்லுங்கள். சூரியன் நீலத்தைத் தாண்டிச் செம்பழுப்புக்குள் இறங்கும். தங்கக் கை வெளி வளையத்தில் 24-ஐத் தொடும். தலைக்கு மேலே நிஜமான வானமும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். மேகமூட்டம் இருந்தாலும் கடிகாரத்தில் தெரியும். கீழே இன்னொரு வட்டம், பன்னிரண்டு மாதங்களின் உழவு வேலைகளை வரைந்த நாட்காட்டி. ஓவியர் யோசஃப் மானெஸ் 1866-ல் முடித்தது. அங்கே மாட்டியிருப்பது நகல்தான்.

கடிகாரத்தை ஒட்டிய பழைய நகரச் சதுக்கத்தில் மற்றவற்றைச் சுற்றிப் பார்த்தால் போதும், ஒன்றைத் தவிர. கடிகாரம் இருக்கிற அதே நகர மன்றத்தின் பக்கத்தில், தரையில் கல்லோடு கல்லாக 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தை எதிர்த்து 1618-ல் தொடங்கிய கிளர்ச்சி 1620-ல் வெள்ளை மலைப் போரில் தோற்ற பிறகு, அதன் தலைவர்கள் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று இந்த இடத்தில்தான் கொன்றார்கள். மக்கள் அதன் மேல் நின்றுகொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல்தான். எதிரே மரியன்னைத் தூண் ஒன்று புத்தம் புதிதாக நிற்கும். 1650-ல் எழுப்பியதை 1918-ல் சுதந்திரம் கிடைத்த வேகத்தில் மக்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் அடையாளமாக அவர்களுக்கு அது தெரிந்தது. 2020-ல் நகல் வைத்தார்கள், அதற்கும் ஊரில் பெரிய சண்டை.

அடுத்து சார்லஸ் பாலம். இதற்கும் நேரம்தான் முக்கியம். பகல் பதினொரு மணிக்குப் போனால் ரங்கநாதன் தெரு. காலை ஏழு மணிக்குச் சூரியன் உதிக்கும்போது போனால் நாயை நடக்கக் கூட்டி வருகிறவர்களும் நாலைந்து புகைப்படக்காரர்களும்தான் இருப்பார்கள். பழைய நகரத்துப் பக்கமிருந்து தொடங்கி நடந்தால் வெயில் முதுகில் படும், எதிரே மலை மேலுள்ள கோட்டை வெளிச்சத்தில் நிற்கும். பாலத்தில் கால் வைக்கும் முன் அந்தக் கோபுர வாசலை ஒரு நிமிடம் பாருங்கள். நகரத்தைப் பார்த்த முகத்தில் அரசர்களும் புனிதர்களுமாகச் சிற்பங்கள். வாசலைக் கடந்து திரும்பிப் பார்த்தால் ஆற்றைப் பார்த்த முகம் மொட்டையாக இருக்கும். 1648-ல் சுவீடன் படை ஆற்றின் மறுகரையைப் பிடித்துக்கொண்டு சுட்டபோது அந்தப் பக்கத்துச் சிற்பமெல்லாம் சிதறிப் போனது. அந்த 1618 கிளர்ச்சியில் தொடங்கிய முப்பதாண்டுப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று இந்த வாசலில்தான் நடந்தது. அந்த மொட்டைச் சுவரைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

1342-ல் வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போக, அரசர் நான்காம் சார்லஸ் 1357-ல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். அடிக்கல் நாட்டியது 1357-ல் 9-ஆம் நாள் 7-ஆம் மாதம் காலை 5:31-க்கு, ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்குகிற முகூர்த்தம் என்பார்கள். வருடம் உறுதி. அந்த நாளும் நிமிடமும் பிற்காலத்தில் வானியல் கணக்குப் போட்டுச் சொன்னவை. சுண்ணாம்புக் காரையில் முட்டை கலந்தார்கள், நாடெங்குமிருந்து வண்டி வண்டியாக முட்டை வந்தது, ஒரு ஊர்க்காரர்கள் உடையாமலிருக்க அவித்து அனுப்பிவிட்டார்கள் என்பதும் அப்படித்தான், சிரிப்பதற்கு. முட்டை போட்டார்களோ இல்லையோ, 1890 வெள்ளத்தில் இந்தப் பாலமும் மூன்று வளைவுகளை இழந்தது. மேலேயுள்ள முப்பது சிலைகளில் பல நகல்கள், மூலங்களைக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். கற்களைக் கவனியுங்கள்: ஒன்று கரேலென்று இருக்கும், பக்கத்துக் கல் வெளிறி இருக்கும். கருப்பு, நிலக்கரி எரித்த காலத்துப் புகையும் கந்தகமும் மணற்கல்லில் ஊறியது. "இதைத் தேய்த்துக் கழுவக் கூடாதா" என்று என் அம்மா கேட்டார். அந்தக் கருப்பு மேலே பூசிய பூச்சு இல்லை, கல்லின் தோலே அப்படி ஆகிவிட்டது. தேய்த்தால் சிற்பத்தின் மூக்கும் கூட வந்துவிடும்.

பாலத்தில் எல்லோரும் வரிசையில் நின்று தொடுவது நெபோமுக்கின் யான் என்ற பாதிரியாரின் சிலையடியிலுள்ள வெண்கலத் தகடு. தொட்டால் மறுபடி பிராக் வருவீர்களாம். 1393-ல் அவரை அரசர் ஆணைப்படி கொன்று ஆற்றில் எறிந்தது வரலாறு. அரசியின் பாவசங்கீர்த்தன ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் கொன்றார்கள் என்பது பின்னால் சேர்ந்த கதை. ஒரு மடத்துக்கு யாரைத் தலைவராக்குவது என்று அரசருக்கும் பேராயருக்கும் நடந்த தகராறில் மாட்டிக்கொண்டார் என்பதே ஆய்வாளர்கள் ஏற்பது. அம்மா தொடட்டும், அதில் என்ன கெட்டுப்போகிறது.

கோட்டைக்குக் கீழிருந்து படியேறி மட்டும் போகாதீர்கள். பயண நூல்கள் எல்லாம் அந்தப் பழைய படிக்கட்டைப் புகழும், எழுதியவர்களுக்கு முழங்கால் நன்றாக இருந்திருக்கும். 22-ஆம் எண் டிராமில் ஏறி போஹோரெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். அது கோட்டையைவிட உயரம், அங்கிருந்து எல்லாம் இறக்கம்தான். டிராமில் ஏறியதும் டிக்கெட்டை மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள். முத்திரை இல்லாத டிக்கெட் இருந்தும் இல்லாததுதான். அங்கே ஸ்ட்ராஹோவ் மடத்து நூலகம் இருக்கிறது. இரண்டு கூடங்களையும் வாசலில் நின்றுதான் பார்க்க முடியும், ஆனாலும் அந்த மரவேலைக்காகப் போகலாம். நவம்பர் முதல் குளிர்கால நேரம் என்பதால் கோட்டையின் உட்புறங்களை மாலை நான்கு மணிக்கே மூடிவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் புனித விட்டஸ் பேராலயம் கண்ணுக்கு அடங்காமல் எதிரே நிற்கும். எல்லோரும் அந்த முகப்பைப் படமெடுத்து "700 வருடப் பழைமை" என்று போடுவார்கள். அந்த முகப்பு நூறு வருடத்துக் கதைதான். 1344-ல் தொடங்கிய வேலை, பின்பக்கப் பாதியோடு, யான் ஹுஸ் என்ற மதச் சீர்திருத்தவாதியைப் பின்பற்றியவர்களின் போர்களால் நின்றது. பல நூற்றாண்டு, பாதிக் கோயிலுக்கு ஒரு தற்காலிகச் சுவர் வைத்து அடைத்துக்கொண்டு பூசை நடத்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி தொடங்கி 1929-ல் முடித்தார்கள். முகப்பிலுள்ள பெரிய வட்ட ஜன்னலுக்குக் கீழே உற்றுப் பாருங்கள், கோட்டு சூட்டு போட்ட மனிதர்கள் செதுக்கப்பட்டிருப்பார்கள். கோயிலை முடித்த கட்டடக் கலைஞர்கள்தான். உள்ளே இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்காவின் கண்ணாடி ஜன்னல், 1931. மற்ற ஜன்னல்கள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைக் கோத்தவை, இது கண்ணாடி மேலேயே தீட்டியது. அடியில் செலவு ஏற்ற வங்கியின் பெயர் எழுதியிருக்கும். நம் கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று எழுதியிருப்பது போல என்று அப்பா சொன்னார். வெளியே தெற்குப் பக்கம் வந்தால், தங்க வாசலுக்கு மேலே 14-ஆம் நூற்றாண்டில் செய்த இறுதித் தீர்ப்பு நாள் காட்சி, லட்சக்கணக்கான கண்ணாடிச் சில்லுகளால் பதித்தது. பழைய பாதி, புதிய பாதி இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தேடுவதே ஒரு மணி நேரத்துக்குப் போதும்.

பழைய அரண்மனையில் விளாடிஸ்லாவ் மண்டபம் பார்க்க வேண்டியது. வீரர்கள் குதிரையோடு உள்ளே வந்து விளையாட ஒரு சாய்தளப் படிக்கட்டே இருக்கிறது. அதன் பக்கத்து அறை ஜன்னல் வழியாகத்தான் 1618 மே 23 அன்று பேரரசரின் பிரதிநிதிகள் இருவரையும் எழுத்தர் ஒருவரையும் தூக்கி வெளியே எறிந்தார்கள். மூவருமே பிழைத்தார்கள். மாதா தாங்கினார் என்றது ஒரு கட்சி, குப்பை மேட்டில் விழுந்தார்கள் என்றது இன்னொரு கட்சி. பொன் சந்து என்ற குட்டி வீடுகளின் தெருவை ரசவாதிகள் வாழ்ந்த இடம் என்பார்கள். உண்மையில் கோட்டைக் காவலர்களின் குடியிருப்பு அது. 22-ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916-17 குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதினார், அவருடைய தங்கை ஒட்லா எடுத்திருந்த வீடு. இன்று அது ஒரு கடை. நான் அந்தச் சந்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை.

யூதர் பகுதியான யோசெஃபோவ் சனிக்கிழமை மூடியிருக்கும், யூதப் பண்டிகைகளிலும். அதைப் பார்த்து நாளை ஒதுக்குங்கள். பல இடங்களுக்கு ஒரே டிக்கெட் தருவார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் எதுவும் நிற்காது. பிங்காஸ் தொழுகைக்கூடம், அதை ஒட்டிய பழைய கல்லறை, இரண்டு போதும். பிங்காஸின் சுவர்களில் படம் கிடையாது, சிலை கிடையாது. போஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகளால் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள், ஊர் வாரியாக, பிறந்த தேதியோடு, கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே குடும்பப் பெயருக்குக் கீழே ஐந்தாறு பேர், அதில் ஒருவர் பிறந்தது 1939 என்று படிக்கும்போது கால் நகராது. 1950-களில் எழுதிய அந்தப் பெயர்கள் ஈரத்தால் அழிந்து, கூடம் 1968 முதல் பூட்டிக் கிடந்து, கம்யூனிஸ்ட் ஆட்சி மாறிய பிறகு 1990-களில் மறுபடி முழுவதும் எழுதினார்கள். மாடியில், யூதர்களை அடைத்துவைத்த டெரெஸின் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. வரையக் கற்றுக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் 1944-ல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டு போகப்படும் முன் சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் ஒளித்துவைத்தார். என் அம்மா ஆசிரியையாக இருந்தவர். மாடியிலிருந்து இறங்கி வந்து வெகுநேரம் பேசவில்லை. அன்று வேறு எதையும் காட்ட முயலாதீர்கள், அறைக்குப் போய் டீ போட்டுக் கொடுங்கள்.

கல்லறையில் 1439 முதல் 1787 வரை அடக்கம் செய்தார்கள். இடம் போதாமல் மண் கொட்டி அடுக்கு மேல் அடுக்காக, சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை. சுமார் 12,000 கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அதில் ராபி (யூத மதகுரு) லேவின் கல்லறைக்கு முன் எப்போதும் கூட்டம், களிமண்ணால் கோலெம் என்ற பூதத்தை உண்டாக்கியவர் என்ற கதையால். 1609-ல் இறந்த பெரிய அறிஞர் அவர். பூதத்தை அவரோடு சேர்த்த கதை எழுத்தில் தலைகாட்டுவது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

அந்தப் பகுதியிலிருந்து ஆற்றுப் பக்கம் இரண்டு நிமிடம் நடந்தால் யான் பலாக் சதுக்கம். 1968-ல் சோவியத் தலைமையில் படைகள் நுழைந்ததை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர் பலாக் படித்த கலைப்புலம் அங்கே இருக்கிறது. சுவரில் அவருடைய மரண முகமூடியைப் பதித்திருக்கிறார்கள். அது 1348-ல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகம். தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927-ல் பிறந்தது இந்த ஊரில், படித்ததும் தமிழ் கற்பித்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில். அந்தப் படையெடுப்புக்குப் பிறகு அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பிற்பாடு நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். சங்கப் பாடல்களையும் சித்தர்களையும் உலகுக்கு எடுத்துச் சொன்னவரின் ஊர் இது என்று எந்தப் பலகையும் சொல்லாது. நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அதே 1968-ன் தடயம் வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் தலைமாட்டிலும் இருக்கிறது. தேசிய அருங்காட்சியகத்தின் தூண்களில் ஆங்காங்கே வெளிறிய திட்டுகள். ஆகஸ்ட் மாதம் படைவீரர்கள் சுட்ட குண்டுத் துளைகளை அடைத்த இடங்கள் அவை. அடைத்த மேஸ்திரிகள் ஊர் மறக்கக் கூடாதென்று வேண்டுமென்றே நிறம் மாறிய கல்லைப் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. தொழில்காரனாகச் சொன்னால், எந்த ஒட்டுப்போட்ட கல்லும் சில வருடத்தில் நிறம் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத் தியாகம் தேவையில்லை. ஆனால் 2018-ல் முடிந்த புதுப்பிப்பில் அந்தத் திட்டுகளை மறைக்காமல் விட்டது வேண்டுமென்றே செய்ததுதான்.

சாப்பாடு, பணம் பற்றிச் சுருக்கமாக. கம்பியில் சுற்றிச் சுட்டு விற்கிற டிரெடெல்னிக் என்ற இனிப்பைப் "பழைய போஹீமியப் பலகாரம்" என்று போர்டு வைத்திருப்பார்கள். ஸ்லோவாக்கியாவில் ஸ்கலிட்சா என்ற ஊருக்கு அது சொந்தம், பிராக் தெருக்களுக்கு வந்தது 2000-க்குப் பிறகுதான். ருசி மோசமில்லை, வரலாறு மட்டும் வேண்டாம். நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். மெனுவில் "பெஸ்மசா யீட்லா" என்ற பகுதியைத் தேடுங்கள், இறைச்சி இல்லாதவை என்று பொருள். பாலாடைக்கட்டியை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது, பழம் வைத்த கொழுக்கட்டை கிடைக்கும். சூப்பை நம்பாதீர்கள், உருளைக்கிழங்கு சூப் என்றிருந்தாலும் எலும்புச் சாறோ பன்றிக் கொழுப்போ இருக்கலாம், கேட்டுவிடுங்கள். செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். வந்த முதல் வாரத்தில் "கமிஷன் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு பணமாற்றுக் கடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைத்தேன். கமிஷன் இல்லைதான், விலையிலேயே எடுத்துக்கொண்டார்கள். 2019 முதல் சட்டம் மாறியிருக்கிறது, கடையில் மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்த் திருப்பிக்கொள்ளலாம். தெருவில் "நல்ல ரேட்" என்று வருகிறவரிடம் வாங்கினால் வேறு நாட்டுச் செல்லாத நோட்டுதான் கையில் மிஞ்சும்.

வியன்னாவா பிராக்கா என்றால், வியன்னாவில் நாள் கணக்கில் நான் இருந்ததில்லை, அதனால் ஒப்பிடுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. ரயிலில் நான்கு மணி நேரம்தான். எனக்கிருந்தால் 3 நாளையும் இப்படிப் போடுவேன்: முதல் நாள் மதியம் ஓய்வு, 4:10-க்குக் கடிகாரம். இரண்டாம் நாள் காலை பாலம், திரும்பி வந்து காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு உடனே டிராமில் கோட்டை. மூன்றாம் நாள் யோசெஃபோவ், பலாக் சதுக்கம், அத்தோடு சரி. தரை முழுவதும் விரல் நீளக் கருங்கல் கட்டிகள் பாவியது, ஈரத்தில் வழுக்கும். அம்மாவுக்குச் செருப்பு ஆகாது, அடி தடித்த ஷூ வாங்கி ஊரிலேயே பத்து நாள் போட்டுப் பழகச் சொல்லுங்கள். கிளெமென்டினும் என்ற பழைய கல்லூரிக் கோபுரத்தையும் சேர்க்க ஆசைதான், 1775 முதல் ஒரு நாள் விடாமல் வெப்பநிலை குறித்துவைக்கிற இடம், அப்பாவுக்குப் பிடிக்கும். ஆனால் 172 படி, லிஃப்ட் கிடையாது. அவர் ஒரே மூச்சில் எத்தனை மாடி ஏறுவார் என்று எழுதுங்கள், அதை வைத்துச் சொல்கிறேன்.